ஹோம் தியேட்டருக்கு ஆம்ப் வாங்கப் போகிறீர்களா? வாட்ஸைக் கடைசியில் கேளுங்கள்

கடைக்குள் நுழைந்ததும் எல்லாரும் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" நானும் அப்படித்தான் கேட்டு, அட்டைப்பெட்டியில் 5000 வாட்ஸ் பிஎம்பிஓ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு செட்டைத் தூக்கி வந்தேன். வால்யூம் பாதியைத் தாண்டினால் வசனம் கரகரக்கும். ஒருநாள் தூசு துடைக்கத் திருப்பினால், முதுகில் மின் நுகர்வு 60 வாட்ஸ் என்று எழுதியிருக்கிறது! உள்ளே போவதே அறுபது, வெளியே ஐயாயிரம் எங்கிருந்து வரும்?

சரி, வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் டேப்பை எடுங்கள்

டிவி சுவரிலிருந்து நீங்கள் உட்காரும் இடம் வரை அளந்துகொள்ளுங்கள். 12க்கு 14 அடி ஹாலில் அது பத்தடிக்குள்தான் இருக்கும். அதற்கு 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் பேஸ் சத்தத்துக்கு ஒரு சப்வூஃபரும், தாராளம். சோபா பின்சுவரை ஒட்டிக் கிடந்தால் 7.1 பற்றி யோசிக்கவே வேண்டாம், அதற்குக் கூடுதலாக வேண்டிய இரண்டு பின் ஸ்பீக்கர் வைக்க இடம் கிடையாது. கூரையில் இரண்டு ஸ்பீக்கர் மாட்டி அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் வரும் டால்பி ஒலி) கேட்கும் ஆசை இருந்தால் மட்டும் ஏழு சேனல் ரிசீவர், அதாவது ஏழு ஸ்பீக்கரை இயக்கும் ஹோம் தியேட்டர் ஆம்ப், பாருங்கள்.

ஆம்புக்கு முன் ஸ்பீக்கர்

ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் விவரத்தாளில் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று ஓம், ஸ்பீக்கரின் மின்தடை. 8 அல்லது 6 என்றால் பெரும்பாலான ரிசீவர்களுக்குச் சிக்கல் இல்லை. 4 ஓம் என்றால், ரிசீவர் அதைத் தாங்கும் என்று அதன் கையேட்டில் இருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று சென்சிடிவிட்டி. யாரும் கவனிக்காத எண் இதுதான், காசை மிச்சப்படுத்துவதும் இதுதான். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் கேட்கும் என்பதன் கணக்கு. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். அதாவது 85 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் கொடுத்து வரும் சத்தம், 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸிலேயே வந்துவிடும். நம் ஹாலுக்குச் சேனலுக்கு 50 முதல் 80 வாட்ஸ் போதும், அது நேர்மையான வாட்ஸாக இருந்தால்.

நேர்மையான வாட்ஸ் எது?

கண நேர உச்சத்தைக் காட்டும் பிஎம்பிஓவை மறந்துவிடுங்கள், தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ்ஸைப் பாருங்கள். அதிலும் எந்த நிபந்தனையில் அளந்தார்கள் என்பது முக்கியம். "8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08% டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு), 2 சேனல் இயங்கும்போது 80 வாட்ஸ்" என்றிருந்தால் நம்பலாம். "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன், 1 சேனல், 150 வாட்ஸ்" என்பது பெரிதாகத் தெரியும், ஆனால் சுலபமான நிபந்தனையில் அளந்தது, முந்தைய 80ஐவிடக் குறைவாகவே இருக்க வாய்ப்புண்டு.

சென்னை ரிச்சி தெரு பக்கம் அசெம்பிள் ஆம்ப் சொல்லிச் செய்து வாங்குபவர்கள், உள்ளே என்ன டிரான்ஸ்ஃபார்மர் என்று கேளுங்கள். 24-0-24 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் இரண்டு 24உம் சேர்ந்து 48, பெருக்கல் 5, அதிகபட்சம் 240 வாட்ஸ். சூடாகப் போவதைக் கழித்தால், எல்லாச் சேனலுக்கும் சேர்த்துத் தொடர்ச்சியாக 150 வாட்ஸ் அளவில்தான் கிடைக்கும். 500 வாட்ஸ் என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், முகம் மாறும்!

சப்வூஃபரை இதில் சேர்க்காதீர்கள். ஆக்டிவ் சப்பில் ஆம்ப் உள்ளேயே இருக்கிறது. ரிசீவரில் சப் பிரீ-அவுட் (சப்வூஃபருக்கு வயர் செருகும் துளை) இருந்தால் சரி.

டிவியோடு எப்படிச் சேரும்?

டிவியின் எச்டிஎம்ஐ துளைகளில் ஏஆர்சி அல்லது இ-ஏஆர்சி என்று போட்டிருப்பதைத் தேடுங்கள், டிவியின் ஒலி ரிசீவருக்குப் போகும் வழி அது, ரிசீவரிலும் வேண்டும். ஓடிடி படங்களின் அட்மாஸுக்கு ஏஆர்சியே போதும், உங்கள் டிவி அதை அனுப்பக்கூடியதாக இருந்தால். ப்ளூ-ரே டிஸ்கின் ட்ரூஎச்டி (சுருக்கினாலும் தரம் குறையாத) ஒலியை டிவி வழியாக ரிசீவருக்கு அனுப்பத்தான் இ-ஏஆர்சி தேவை. ஆப்டிகல் வயரில் சாதாரண டால்பி டிஜிட்டல் 5.1 வரும், அட்மாஸ் வராது.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது

குண்டு வெடிக்கிற காட்சியைத்தான் போட்டுக் காட்டுவார்கள். அது எந்தச் செட்டிலும் நன்றாகவே இருக்கும். மழையிலோ கூட்டத்திலோ இரண்டு பேர் பேசிக்கொள்கிற காட்சியைக் கேளுங்கள். வசனம் பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். வால்யூமை ஏற்றாமலே ஒவ்வொரு சொல்லும் புரிகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், டிவி யூனிட்டின் உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள். ரிசீவரின் மேல் காற்றுப் போக நாலைந்து அங்குலமாவது வேண்டும். எங்கள் வீட்டில் அந்த அலமாரியின் கண்ணாடிக் கதவைக் கழற்றிப் பரணில் போட்டு வைத்திருக்கிறோம்.