பாண்டு மக்கள் பற்றிய பழைய ஆய்வுகள்: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாண்டு என்பதை ஓர் இனத்தின் பெயராக எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. கேமரூன் முதல் தென்னாப்பிரிக்கா வரை பேசப்படும் நூற்றுக்கணக்கான உறவு மொழிகளைக் குறிக்கவே ஜெர்மன் மொழியியலாளர் வில்ஹெல்ம் பிளீக் அப்பெயரைக் கையாண்டார். அவருடைய ஒப்பிலக்கணத்தின் முதல் பகுதி 1862இல் வெளிவந்தது. மொழிக்கு இட்ட பெயரை மனிதர்களின் அறிவுக்கும் குணத்துக்கும் அளவுகோலாக்கியது பிறகு நேர்ந்த கொடுமை. 1953இல் தென்னாப்பிரிக்க அரசு கறுப்பினப் பிள்ளைகளின் கல்வியைத் திட்டமிட்டுத் தாழ்த்திய சட்டத்துக்குப் பாண்டுக் கல்விச் சட்டம் என்றே பெயர்.

பிளீக்கும் அவருடன் பணியாற்றிய லூசி லாய்டும் 1870களில் கேப் டவுனில் எழுதிவைத்த, தென்னாப்பிரிக்காவின் தொல்குடிகளான சான் மக்களின் கதைகளையும் இதே கணக்கில் சேர்க்கக் கூடாது. அக்கதைகள் சொல்லப்பட்ட மொழி பாண்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல.

சொன்னவர் யார் என்று பாராமல் சொற்பட்டியலுக்குத் தாவுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம். ஜெர்மன் பாதிரியார் சிகிஸ்மண்ட் கோலே 1854இல் வெளியிட்ட தொகுப்பில் பாண்டு மொழிகள் உட்பட நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மொழிகளின் சொற்கள் உள்ளன. அதற்காக அவர் ஊர் ஊராகச் செல்லவில்லை. சியரா லியோனின் ஃப்ரீடவுனில், அடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட்டவர்களிடம் கேட்டு எழுதினார். பலர் ஊரைப் பிரிந்து நெடுங்காலம் ஆனவர்கள். ஒரு மொழிக்குப் பெரும்பாலும் ஓரிருவரே சாட்சி. எனவே அந்தப் பட்டியலை ஓர் ஊரின் அன்றைய பேச்சாகக் கொள்ள முடியாது. யார் எப்படிப் பிடிபட்டார், ஊரைவிட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கோலே குறித்துவைத்திருக்கிறார். அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகாதீர்கள்; அந்த மனிதர்களைப் பற்றி நமக்கு எஞ்சியிருப்பது அனேகமாக அவ்வளவுதான்.

சுவிஸ் பாதிரியார் ஆன்ரி ஜூனோ 1912-13இல் இரண்டு பாகங்களாக வெளியிட்ட, மொசாம்பிக், தென்னாப்பிரிக்கப் பகுதிகளில் வாழும் சோங்கா மக்கள் பற்றிய நூலும் அப்படியே. எலியாஸ் லிபோம்போ, மன்கேலு போன்ற உள்ளூர் மக்கள் விளக்கியதை வைத்தே அதில் பெரும்பகுதி எழுந்தது. வெவ்வேறு தலைவர்களின்கீழ் வாழ்ந்தவர்களை ஒரே குலமாக அந்நூல் வரைந்து காட்டுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜெர்மன் மொழியியலாளர் கார்ல் மைன்ஹோஃபை முழுதாக ஏற்பதும் முழுதாகத் தள்ளுவதும் சரியல்ல. 1899இல் அவர் எழுதிய பாண்டு ஒலியியல் பிற்கால ஆய்வுகளுக்கு அடித்தளம் ஆனது. ஆப்பிரிக்க மொழிகள் சிலவற்றை ஹாமியர் என்னும் மேலான இனத்தோடு இணைத்து 1912இல் அவர் முன்வைத்த ஹாமிய மொழிக் கோட்பாடோ இனப் பாகுபாட்டில் ஊறியது. அமெரிக்க மொழியியலாளர் ஜோசஃப் கிரீன்பெர்க் அதைத் தகர்த்தார்.

பிரிட்டிஷ் மொழியியலாளர் மால்கம் கத்ரி பாண்டு மொழிகளுக்கு 1948இல் தந்த குறியீடுகளைக் குடிவழிப் பட்டியலாகக் கருதுவோரும் உண்டு. ஜுலுவுக்கு எஸ் 42, சுவாகிலிக்கு ஜி 42. எழுத்து பெரும்பாலும் நிலப்பகுதியைத்தான் காட்டுகிறது. ஓரெழுத்தின்கீழ் வரும் மொழிகளெல்லாம் ஒருவயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு அது சான்றாகாது.