ரசிகர் புனைவுக்கு வாசிப்புக் குறிப்பு எழுதுவது எப்படி? பஃபி கதைகளை முன்வைத்து ஒரு செய்முறை

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பேருந்தில் வேலைக்குப் போய்வரும் நேரத்தில்தான் நான் ரசிகர் புனைவுகளை, அதாவது ஒரு தொடரின் பாத்திரங்களை வைத்து அதன் ரசிகர்கள் எழுதும் கதைகளை, வாசிக்கிறேன். வாசித்தவற்றைப் பற்றிக் குறிப்பு எழுதத் தொடங்கியபோது நான் செய்த ஒரு பெரிய தவற்றை நீங்களும் செய்யாமல் இருப்பதற்காகவே இந்த விளக்கத்தை எழுதுகிறேன். 1997 முதல் 2003 வரை 7 சீசன்களில் 144 எபிசோடுகளாக ஒளிபரப்பான ‘பஃபி த வேம்பயர் ஸ்லேயர்’ தொலைக்காட்சித் தொடரை நீங்கள் பார்த்து முடித்திருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆகவே பஃபி இரத்தம் குடிக்கும் வேம்பயர்களை வேட்டையாடும் பெண், ஸ்பைக் ஒரு வேம்பயர், ஜைல்ஸ் பஃபியின் வழிகாட்டி என்பதற்கு மேல் இங்கே விளக்கப் போவதில்லை.

முதலில் கதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2009-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்னும் ரசிகர் புனைவு இணையதளத்தையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் அங்கே வேண்டாத குறிச்சொற்களை விலக்கித் தேட முடியும். ஒவ்வொரு கதையின் தலைப்பிலும் அத்தியாய எண்ணிக்கை இருக்கும். அது 23/23 என்றிருந்தால் கதை முடிந்துவிட்டது, 23/? என்றிருந்தால் கதை எத்தனை அத்தியாயத்தில் முடியும் என்று எழுதுபவர் இன்னும் சொல்லவில்லை என்று பொருள். புதியவர்கள் கேள்விக்குறி உள்ள கதையைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. எச்சரிக்கைப் பகுதியையும் நிதானமாகப் படியுங்கள். ‘எச்சரிக்கை எதுவும் பொருந்தாது’ என்பது ஒன்று, ‘எச்சரிக்கை தர ஆசிரியர் விரும்பவில்லை’ என்பது முற்றிலும் வேறு. இரண்டாவது வகைக் கதையில் கொலை, வன்முறை உட்பட எதுவும் வரலாம்.

கதையை ஈபப் என்னும் மின்னூல் கோப்பாகத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். குறிப்பெடுப்பதற்குக் கைபேசிச் செயலிகளைவிடக் கோடு போட்ட சாதாரண நோட்டுப் புத்தகமே மேல். தவளக்குப்பத்தில் ஏறும் கூட்டத்துக்கு நடுவே ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுத முடியாதுதான். ஆனால் வீடு திரும்பிய பிறகு நினைவிலிருந்து எழுதும்போது எந்தக் காட்சி மனத்தில் தங்கியது, எது தங்கவில்லை என்பது தானாகவே பிரிந்துவிடுகிறது.

இனி நான் தடுக்கி விழுந்த படிக்கு வருகிறேன். ஒரு கதையில் ஸ்பைக் கொட்டும் மழையில் பஃபியின் வீட்டு வாசலில் நிற்கிறான். கதவு திறந்திருக்கிறது, உள்ளே விளக்கு எரிகிறது, ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவனைத் தடுப்பதால் நிலைப்படியைத் தாண்ட முடியாமல் விடியலுக்குச் சற்று முன்புவரை வெளியிலேயே உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் வசிப்பவர் அழைக்காமல் வேம்பயர் உள்ளே நுழைய முடியாது என்பது தொடரின் விதி. ஆனால் இரண்டாம் சீசனிலேயே அவன் அந்த வீட்டு வரவேற்பறையில் பஃபியின் அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறானே என்று எண்ணி, நோட்டில் ‘ஆசிரியருக்குத் தொடரே தெரியவில்லை’ என்று எழுதியதோடு நில்லாமல், அதையே அவருக்கும் அனுப்பி வைத்தேன். ‘தலைக்குறிப்பைப் பாருங்கள்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது.

ஐந்தாம் சீசனின் 14-ஆம் எபிசோடின் முடிவிலிருந்து தன் கதை வேறு பாதையில் செல்கிறது என்று அவர் தொடக்கத்திலேயே எழுதியிருந்தார். நாவலின் முன்னுரையைத் தாண்டிப் போகும் பழக்கத்தில் நான் அதைத் தாண்டியிருந்தேன். பஃபி தந்த அழைப்பு மந்திரத்தால் திரும்பப் பெறப்பட்டுவிட்டது என்பது அந்த எபிசோடின் கடைசிக் காட்சியில்தான் தெரியவருகிறது. அதே சீசனின் 22-ஆம் எபிசோடில்தான் அவள் மீண்டும் அவனை உள்ளே அழைக்கிறாள். இடைப்பட்ட காலத்தில் அவன் வாசலில்தான் நிற்க வேண்டும். ஆசிரியர் அந்த எட்டு எபிசோடு இடைவெளிக்குள் ஒரு முழுக் கதையையும் கட்டியிருக்கிறார். பிழை என்று நான் குறித்த அந்த நிலைப்படிதான் கதையின் உயிரே.

ஆகவே நோட்டின் முதல் வரியில் கதை தொடரிலிருந்து பிரியும் இடத்தை, சீசன் எண்ணோடும் எபிசோடு எண்ணோடும் எழுதுங்கள். அதற்குக் கீழே, அந்த இடத்தில் யாருக்கு என்ன தெரியும், யாரிடம் என்ன இருக்கிறது என்று பட்டியலிடுங்கள். எடுத்துக்காட்டாக, இந்தத் தொடரில் வேம்பயர்களுக்கு ஆன்மாவும் அதோடு வரும் குற்றவுணர்வும் பொதுவாக இல்லை; ஸ்பைக்குக்கு ஆன்மா திரும்பக் கிடைப்பது ஆறாம் சீசனின் முடிவில்தான். அதற்கு முன்பு பிரிந்த கதையில் அவனிடம் குற்றவுணர்வைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். தலைக்குறிப்பு இல்லாத கதையாக இருந்தால், பஃபியின் தங்கை டான் வருகிறாளா என்று பாருங்கள். அவள் ஐந்தாம் சீசனில்தான் அறிமுகமாகிறாள்.

குறிப்பைத் தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கல் எழும். பஃபி ஜைல்ஸிடம் பேசுவதை எடுத்துச் சொல்ல ‘நீங்கள்’ எளிதாக வந்துவிடுகிறது; ஸ்பைக்கிடம் ‘நீ’ என்பதும் அப்படியே. ஆனால் அவள் அவனை ‘அவன்’ என்று வெறுப்போடு சொல்கிறாளா, உரிமையோடு சொல்கிறாளா என்பதைத் தமிழில் அடுத்த சொல்லைக் கொண்டுதான் காட்ட முடியும். மூல வாக்கியத்தை இருமுறை வாய்விட்டுப் படித்த பிறகே எழுதுங்கள். வேம்பயரைக் ‘காட்டேரி’ என்று மொழிபெயர்ப்பதை நான் தவிர்க்கிறேன். எங்கள் பக்கத்தில் காட்டேரிக்குப் படையல் போட்டுக் கும்பிடுகிறார்கள். பகல் வெளிச்சத்துக்குப் பயந்து கல்லறையில் பதுங்கும் பாத்திரத்துக்கு அந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

குறிப்பின் நீளம் உங்கள் விருப்பம். கதைச் சுருக்கம் இரண்டு வாக்கியத்தைத் தாண்ட வேண்டாம்; ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அது தொடரில் விடுபட்ட எதை நிரப்புகிறது என்று எழுதினால் போதும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த நெய்வேலி வாசகி ஒருவர், தொடரின் இறுதி எபிசோடில் எரிந்து சாம்பலான ஸ்பைக் அதற்குப் பின்னும் உயிரோடு உலவும் கதைகளுக்கு இந்த முறை உதவவில்லை என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது சரியே. 1999 அக்டோபரில், பஃபியின் நான்காம் சீசன் தொடங்கிய அதே இரவில் ‘ஏஞ்சல்’ என்னும் கிளைத்தொடரும் தொடங்கியது. ஸ்பைக் அதன் ஐந்தாம் சீசனில் திரும்பி வருகிறான். எனவே பஃபியின் நான்காம் சீசன் தொடங்கிய பிறகு பிரியும் கதைகளுக்கு நோட்டின் முதல் வரியை இரண்டாகப் பிரித்து, இடப்புறம் பஃபியின் எபிசோடு எண்ணையும் வலப்புறம் ஏஞ்சலின் எபிசோடு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.