ப்ளூடூத் கேம்பேடை நம் நிரலுக்குத் திறந்துவிட ஒரே ஒரு யுடெவ் விதி

நின்டெண்டோ ஸ்விட்ச் புரோ கன்ட்ரோலரின் அசைவு உணரியை நேரடியாகப் படிக்க லினக்ஸில் ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதினேன். யூஎஸ்பி கம்பியில் ஓடியது. ப்ளூடூத்தில் இணைத்தால் 'பர்மிஷன் டினைட்'. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போனது.

கருவி அனுப்பும் பைட்டுகளை அப்படியே கையில் தருவது /டெவ்/ஹிட்ரா0 போன்ற கோப்புகள். வழக்கமாக அவை ரூட்டுக்கு (நிர்வாகிப் பயனருக்கு) மட்டுமே திறக்கும். அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளை போட்டுச் சமாளிக்கலாம்தான். ஆனால் துண்டித்து மறுபடி இணைத்தால் கோப்பு புதிதாக உருவாகும், பழையபடி பூட்டு. எண்ணும் மாறலாம். அதனால் யுடெவ் விதிதான் வழி; கருவி இணையும்போதெல்லாம் அதன் கோப்புக்கு அனுமதி வைக்கும் லினக்ஸ் பகுதிதான் யுடெவ். (கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன், ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

முதலில் கன்ட்ரோலரை இணைத்துவிட்டு, யுடெவ்அட்ம் இன்ஃபோ கட்டளையை ஆட்ரிபியூட்-வாக் தெரிவோடு அந்த ஹிட்ரா கோப்பின் மேல் ஓட்டுங்கள். கருவியின் பண்புகளையும், அதற்கு மேலே உள்ள பெற்றோர் கருவிகளின் பண்புகளையும் வரிசையாகக் காட்டும். நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். யூஎஸ்பிக்கு எழுதிய விதி 'ஐடிவெண்டர்' (தயாரிப்பாளர் எண்) என்ற பண்பைத் தேடியது. ப்ளூடூத்தில் கன்ட்ரோலருக்கு அந்தப் பண்பே கிடையாது. மேலே ஏறிப் போனால் ஐடிவெண்டர் ஒன்று கண்ணில் படலாம், ஆனால் அது ப்ளூடூத் டாங்கிளுடையது! நமக்கு வேண்டியது 0005:057ஈ:2009.0003 மாதிரி ஒரு பெயர். 0005 என்றால் ப்ளூடூத் (யூஎஸ்பிக்கு 0003), அடுத்தது தயாரிப்பாளர் எண், அப்புறம் கருவி எண். புள்ளிக்குப் பின்னால் இருப்பது இணைக்கும்போதெல்லாம் மாறும், அங்கே * போடுங்கள். எண்ணுக்குள் வரும் எழுத்து இந்தப் பெயரில் பெரிய எழுத்து; ஐடிவெண்டரில் சிறிய எழுத்து. பழைய விதியிலிருந்து வெட்டி ஒட்டியதால் அரை மணி நேரம் போச்சு.

சரி, /ஈடிசி/யுடெவ்/ரூல்ஸ்.டி அடைவில் 70-புரோபேட்.ரூல்ஸ் என்று ஒரு கோப்பு, அதில் ஒரே வரி:

சப்சிஸ்டம்=="ஹிட்ரா", கெர்னல்ஸ்=="0005:057ஈ:2009.*", டேக்+="யூஅக்சஸ்"

கெர்னல்ஸ் என்பதில் கடைசி 'ஸ்' முக்கியம். அது இல்லாவிட்டால் ஹிட்ரா கோப்பின் சொந்தப் பெயரோடு மட்டும் ஒப்பிடும், பெற்றோர்களைத் தேடிப் போகாது. கோப்பின் பெயர் எண் 73-க்குக் கீழே இருக்க வேண்டும். யூஅக்சஸ் குறியைப் பார்த்து அனுமதி தரும் விதி 73-இல் இருக்கிறது. 99 என்று வைத்தால் பிழையும் வராது, வேலையும் நடக்காது.

யுடெவ்அட்ம் கன்ட்ரோல் ரீலோட் கொடுத்து, கன்ட்ரோலரைத் துண்டித்து இணையுங்கள். எல்எஸ் -எல் காட்டும் அனுமதிகளின் கடைசியில் + தெரிந்தால் ஆயிற்று.

பல வழிகாட்டிகளில் மோட் 0666 (எல்லோரும் படிக்கலாம், எழுதலாம்) என்று எழுதச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. அதோடு 0005:* என்றும் அகலமாக எழுதிவிட்டால், உங்கள் ப்ளூடூத் விசைப்பலகையில் அடிக்கும் கடவுச்சொல்லை எந்த நிரலும் படிக்கலாம்.

பின்சேர்க்கை: எஸ்எஸ்எச் வழியாக (வேறு கணினியிலிருந்து) மட்டும் நுழையும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் இது வேலை செய்யவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். யூஅக்சஸ் கணினியின் முன்னால் உட்கார்ந்து உள்நுழைந்தவருக்குத்தான் அனுமதி தரும். அங்கே இதற்கென்று தனியாக ஒரு சிஸ்டம் குழு உருவாக்கி, விதியில் குரூப் என்று அதன் பெயரையும் மோட் 0660-ஐயும் (உரிமையாளருக்கும் குழுவுக்கும் மட்டும்) சேர்த்து, உங்கள் பயனரை அந்தக் குழுவில் போடுங்கள். வெளியேறி மறுபடி உள்நுழைந்தால்தான் குழு ஒட்டும்.