தவளைத் தசையை இழுத்து ஷாக் கொடுப்பது: என் கிராஃப் ஏன் இறங்கவே இல்லை?

தசையை இழுத்துவைத்து ஷாக் கொடுத்தால் விசை கூடுமா, குறையுமா? இரண்டும் நடக்கும். அதை கிராஃபில் கொண்டுவர எனக்கு மூன்று மதியம் ஆனது. தவளையிலிருந்து கெண்டைக்கால் தசையைப் பிரிப்பது எப்படி என்று இங்கே எழுதவில்லை. அதற்கு அனுமதி வேண்டும், பக்கத்தில் ஆசிரியரும் வேண்டும்.

முதலில், முழங்கால் பக்கத்து எலும்பை கிளாம்பில் இறுக்குங்கள். குதிகால் தசைநாணில் நூல் கட்டி டிரான்ஸ்டியூசரில் (இழுவிசையை அளக்கும் கருவி) மாட்டுங்கள். தையல் நூல் வேண்டவே வேண்டாம், தசைக்கு முன் அது நீண்டுவிடும். என் ஓட்டு பட்டு நூலுக்கு. ரிங்கர் கரைசலை (தசையை உயிரோடு வைக்கும் உப்புநீர்) விட்டுக்கொண்டே இருங்கள்.

அப்புறம் வோல்டேஜை மெதுவாக ஏற்றுங்கள். நார்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு கட்டத்துக்குமேல் விசை ஏறாது. அதற்குச் சற்று மேலே நிறுத்திவிட்டு, குமிழைத் தொடாதீர்கள்.

இப்போது ஒவ்வொரு மில்லிமீட்டராக இழுத்து, ஒவ்வொரு நீளத்திலும் ஒரு ஷாக். நான் கவிழ்ந்தது இங்கேதான். பாடத்தில் மலைபோல ஏறி இறங்கும் கோடு, எனக்கு ஏறிக்கொண்டே போனது. ஷாக் கொடுக்கும் முன்பே, இழுபட்ட தசை ரப்பர் பேண்டுபோல டிரான்ஸ்டியூசரை இழுத்துக்கொண்டிருக்கிறது. நான் அதையும் சேர்த்தே குறித்திருக்கிறேன்! உதாரணத்துக்கு, ஷாக்குக்கு முன் 30 கிராம், உச்சியில் 50 கிராம் என்றால், தசை சுருங்கித் தந்தது 20 மட்டுமே. எல்லாவற்றையும் கழித்ததும் மலை வந்துவிட்டது. இன்னொன்று, இழுத்தவுடன் அடிக்கோடு மெல்லச் சரியும். அது நிலைத்தபின் ஷாக் கொடுங்கள்.

மலைக்குக் காரணம், நாருக்குள் ஒன்றையொன்று பற்றி இழுக்கும் ஆக்டின், மையோசின் என்ற இரு புரத இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு. தவளை நாரில் சார்க்கோமியரின் (நாரில் வரிசையாக அடுக்கியிருக்கும் சுருங்கும் அலகு) நீளம் 2.0 முதல் 2.2 மைக்ரோமீட்டர் இருக்கும்போது உச்சம், சுமார் 3.65-இல் பற்றிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. 1966-இல் கார்டன், ஹக்ஸ்லி, ஜூலியன் மூவரும் தனி நாரில் காட்டியது இது.

உச்சம் தந்த நீளத்திலேயே வைத்து, வினாடிக்கு 1, 5, 10, 20, 40 என்று ஷாக்கைக் கூட்டுங்கள். ஒரு துடிப்புக்கு, அதாவது ஒரு ஷாக்குக்குத் தசை சுருங்கித் தளர, சுமார் 0.1 வினாடி ஆவதால், 10-ஐத் தாண்டினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். தசையைச் சுருங்கவைக்கும் கால்சியம் நாருக்குள் இருக்கும் தன் சேமிப்பறைக்குத் திரும்புவதற்குள் அடுத்த ஷாக் வந்துவிடுகிறது. கடைசியில் அலையே இல்லாத மேடு, அதுதான் டெட்டனஸ் (அந்தப் பெயருள்ள நோய் அல்ல, விடாத சுருக்கம்). இரண்டு வினாடி போதும்.

பின்சேர்க்கை: ஒரே நீளத்தில் இரண்டாவது, மூன்றாவது துடிப்பு பெரிதாக வருகிறதே என்று இருவர் கேட்டார்கள். ஷாக்குகள் நெருங்கி விழுந்தால் படிக்கட்டுபோல அப்படி ஏறும். சம இடைவெளி விடுங்கள். முடிவில் முதல் நீளத்துக்கே திரும்பி ஒரு ஷாக் கொடுத்துப் பாருங்கள். முதல் விசை வரவில்லையா? தசை களைத்துவிட்டது, வேறு தசையில் மறுபடி ஆரம்பியுங்கள்.