தண்டுவடக் காயத்துக்குப் பின் சிறுநீர்ப்பைப் பராமரிப்பு: ஆணுக்கும் பெண்ணுக்கும் முறை எங்கே வேறுபடுகிறது

தண்டுவடத்தில் பலத்த அடிபட்டவர்களில் பெரும்பாலோர்க்குச் சிறுநீர்ப்பை நிரம்பிய உணர்வு சரியாக வருவதில்லை. காயம் மேல்மட்டத்தில் இருந்தால் பை சுருங்கும் அதே நேரத்தில் அதன் வாய்த்தசையும் இறுகிக்கொள்வதால், உள்ளே அழுத்தம் ஏறிக் காலப்போக்கில் சிறுநீரகம் கெடுகிறது. அடிமுதுகில் பட்ட காயத்திலோ பை தளர்ந்து, சிறுநீர் தேங்கிவிடுகிறது. கைகள் இயங்குபவர்கள் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் வரும் வழியில் தாங்களே சுத்தமான டியூப் (கதீட்டர்) விட்டு, ஒரு முறைக்கு 500 மி.லி.க்கு மேல் சேராதபடி வடித்துவிடுவதே பொதுவாக நல்ல வழி. இந்தக் கணக்கு இருபாலருக்கும் ஒன்றுதான், செய்முறை ஒன்றல்ல.

ஆணுக்குச் சிறுநீர் வரும் வழி சுமார் 20 செ.மீ. நீளமும் வளைவும் கொண்டது. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, டியூபில் வழுக்கும் ஜெல்லியைத் தாராளமாகத் தடவி, ஆண்குறியை வயிற்றை நோக்கி நிமிர்த்திப் பிடித்துச் செலுத்த வேண்டும். இடையில் தடுத்தால் வலிந்து தள்ளாமல் சற்றுப் பொறுத்தால் தசை தளரும். வலிந்து தள்ளினால் உள்ளே புண்ணாகிப் பின்னாளில் வழியே சுருங்கிவிடும்.

பெண்ணுக்கு அந்த வழி ஏறத்தாழ 4 செ.மீ.தான் என்பதால் அவருக்கு எளிது என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் துவாரம் கண்ணுக்குத் தெரியாது, தொடைகள் இறுகி விலக மறுக்கும், சக்கர நாற்காலியிலிருந்து இறங்கி உடையை விலக்குவதே பெரும் வேலை. ஆகவே முதலில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, கால்களை விரித்து, எதிரே கண்ணாடி வைத்துப் பழக வேண்டும். முன்னிருந்து பின்னாகத் துடைத்த பிறகு, பிறப்புறுப்பு வாய்க்குச் சற்று மேலே உள்ள சிறு துவாரத்தில் செலுத்த வேண்டும். தவறிப் பிறப்புறுப்புக்குள் போய்விட்டால் அந்த டியூபை அடையாளமாக அங்கேயே விட்டுவிட்டு, வேறொன்றை மேலே செலுத்தி, முடித்தபின் இரண்டையும் எடுத்துவிடலாம்.

கசிவுக்கு ஆண்கள் காண்டம் கதீட்டர், அதாவது ஆண்குறிமேல் உறைபோல் மாட்டிச் சிறுநீரை வெளியே வடிக்கும் சாதனம், அணியலாம். பெண்களுக்கு அதற்கு ஈடாக நம்பகமான கருவி இல்லை. ஈரத் துணி படுக்கைப் புண்ணுக்கு இடம் கொடுக்கும் என்று அஞ்சி வீட்டார் எப்போதும் உள்ளேயே இருக்கும் நிரந்தர டியூபைக் கேட்கிறார்கள். அது ஆண்டுக்கணக்கில் இருந்தால் தொற்றும் கல்லும் வரும். பெண்களுக்கு வழி அகன்று டியூபைச் சுற்றியே ஒழுகத் தொடங்கும். பையைத் தளர்த்தும் மாத்திரைகள் உண்டு. கைகள் இயங்காதவர்களுக்கு அடிவயிற்றின் வழியே டியூப் வைக்கும் முறையும் உண்டு. இவற்றை மருத்துவரிடம் கேட்காமல் நிரந்தர டியூபுக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். 1954-இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னும் அறுவை மருத்துவராகப் பணிபுரிந்த மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அந்த வேலூரில் பெண்ணால் தானே செய்துகொள்ள முடியாது என்று யாரும் முடிவு கட்டுவதை ஏற்க இயலாது.

வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீரைக் குறைக்கும் பெண்கள் அநேகர். குறைத்தால் தொற்றுக்கும் கல்லுக்கும் வழி திறக்கும். தண்ணீரை நாள் முழுவதும் பிரித்துக் குடித்து, டியூப் விடும் நேரத்தை அதற்கேற்ப நெருக்கிக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேன் இருவருக்கும் தேவை.

மார்பின் ஆறாம் முள்ளெலும்புக்கோ அதற்கு மேலோ காயம் உள்ளவருக்குத் திடீரெனத் தலை வெடிப்பதுபோல் வலித்து முகம் வியர்த்தால் ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று பொருள்: உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுகிய உடையைத் தளர்த்தி, சிறுநீரை வடியுங்கள், அடங்காவிட்டால் தாமதமின்றி அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.