வெளியீடுகளுக்கு அகரவரிசையில் குறிப்பெயர் சூட்டுவது எப்படி?

2006-ஆம் ஆண்டு ஏப்ரலில் வரவேண்டியிருந்த, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் வெளியீடு ஆறு வாரம் தள்ளிப்போய் ஜூனில் வந்தது. உபுண்டுவின் பதிப்பெண் ஆண்டையும் மாதத்தையும் கொண்டே அமைவதால், 6.04 என்று வந்திருக்க வேண்டியது 6.06 என்று மாறியது. ஆனால் அதற்குச் சூட்டியிருந்த 'டாப்பர் டிரேக்' என்ற பெயர் மாறவில்லை. குறிப்பெயரின் முதற்பயன் இதுதான்: வேலை தொடங்கும் நாளில் எண் உறுதியாக இருப்பதில்லை, பேசுவதற்கும் கோப்புகளில் எழுதுவதற்கும் ஏதேனும் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது.

அப்பெயர்கள் அகரவரிசையில் இருந்தால், எது முந்தியது, எது பிந்தியது என்பதும் பெயரிலேயே தெரிந்துவிடும். டெபியன் என்ற மற்றொரு இயங்குதளத்தின் 10, 11, 12 ஆகிய பதிப்புகளின் பெயர்கள் பஸ்டர், புல்ஸ்ஐ, புக்வார்ம் என்பன. மூன்றும் பி எழுத்தில் தொடங்குவதால், எது புதியது என்று நினைவிலிருந்து சொல்வதற்குப் பழகியவர்களும் ஒரு கணம் தயங்குவார்கள். உபுண்டுவின் ஜாமி, நோபிள் என்ற இரண்டில் அந்தத் தயக்கம் எழுவதில்லை.

இந்த விளக்கத்தில், ஆண்டுக்கு இரண்டு வெளியீடுகள் தரும் ஒரு சிறு மென்பொருளுக்குப் பறவைகளின் பெயர்களைக் கொண்டு ஒரு பட்டியலை உருவாக்குவோம்.

படி 1: ஓர் எழுத்து எதைக் குறிக்கும் என்று முடிவு செய்யுங்கள்

ஒவ்வொரு வெளியீட்டிற்கும் ஓர் எழுத்து என்று வைத்தால், ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகள் ஆண்டுக்கு இரண்டு வீதம் 13 ஆண்டுகள் வரும். அது போதாது என்று தோன்றினால் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் வழியைப் பின்பற்றலாம். அங்கே ஒரு பெரும்பதிப்பின் எல்லா வெளியீடுகளும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன: 19-இன் வரிசை தாரா, டெஸ்ஸா, டினா, டிரிசியா, 20-இன் வரிசை உல்யானா, உலிஸ்ஸா, உமா, உனா. சேமிப்பு மென்பொருளான செஃப் இன்னும் நேர்த்தியாக, எழுத்தின் வரிசை எண்ணையே பதிப்பெண்ணாக வைத்திருக்கிறது. ஆர் 18-ஆவது எழுத்து என்பதால் 'ரீஃப்' 18-ஆம் பதிப்பு, அடுத்த 'ஸ்குவிட்' 19-ஆம் பதிப்பு. புதிதாகத் தொடங்குவோருக்கு நான் பரிந்துரைப்பது இந்த முறையையே. நம் எடுத்துக்காட்டிலும் ஏ என்றால் 1, பி என்றால் 2 என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: கருப்பொருளைக் கடினமான எழுத்துகளில் சோதியுங்கள்

தொடங்குவோர் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். ஏ, பி, சி என்று முதல் ஐந்து பெயர்கள் அழகாக அமைந்துவிட்டால், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியவை கியூ, யூ, எக்ஸ், ஒய், இசட் ஆகிய ஐந்து எழுத்துகளே. இவற்றுக்குப் பெயர் கிடைக்காத கருப்பொருளை அங்கேயே கைவிட்டுவிடுவது நல்லது.

விலங்குலகம் முழுவதையும் கையில் வைத்திருந்த உபுண்டுவே 14.10-க்கு யூ எழுத்தில், எந்தக் காட்டிலும் இல்லாத ஒற்றைக்கொம்புக் குதிரையை எடுத்து 'யுடோபிக் யூனிகார்ன்' என்று பெயரிட்டது. எக்ஸ் எழுத்திற்கு ஆப்பிரிக்கத் தரை அணிலான செரஸ் கைகொடுத்தது. மேகக் கணிமை மென்பொருளான ஓப்பன்ஸ்டாக்கின் குழுவினருக்கு நெருக்கடி வேறு விதமாக வந்தது. வடிவமைப்பு மாநாடு நடக்கும் ஊரைச் சுற்றியுள்ள புவியியல் பெயர்களையே அவர்கள் எடுத்துவந்தார்கள். கே எழுத்தின் முறை வந்தபோது மாநாடு பாரிசில். பாரிசுக்கு அருகே செவ்ர் என்ற ஊரில் மூலக் கிலோகிராம் எடைக்கல் பாதுகாக்கப்பட்டிருப்பதைக் காரணமாக வைத்து 'கிலோ' என்று பெயர் வைத்தார்கள். சாமர்த்தியமான பெயர்தான், எனினும் விதியைக் கொஞ்சம் வளைத்துத்தான் அது உள்ளே நுழைந்தது என்பது என் கருத்து.

பறவைகளைச் சோதிப்போம். கியூவுக்குக் குவெயில், அதாவது காடை. ஒய் எழுத்திற்கு இமயமலைப் பகுதியில் வாழும் யுகினா. இசட்டுக்கு வெள்ளைக்கண்ணியின் பேரினப் பெயரான சோஸ்டெராப்ஸ். யூவுக்கும் எக்ஸுக்கும் இந்தியப் பறவை எதுவும் எனக்கு அகப்படவில்லை. நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வாழும் அம்ப்ரெல்லாபேர்ட், செனாப்ஸ் ஆகியவற்றைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே கருப்பொருள் 'இந்தியப் பறவைகள்' என்று இருந்தால் தேறாது, 'பறவைகள்' என்று இருந்தால் தேறிவிடும். இவ்வாறு எல்லையை ஒரு சுற்று விரிப்பதை முதல் நாளிலேயே செய்துவிட வேண்டும். இருபதாவது வெளியீட்டில் செய்தால் அது விதிவிலக்காகத்தான் தெரியும்.

குறுகிய கருப்பொருளை விட மனமில்லை என்றால் அடைமொழியைச் சேர்க்கலாம். ரோபோக்களுக்கான மென்பொருளான ஆர்ஓஎஸ் ஆமைகளோடு நிறுத்திக்கொண்டும் வரிசை குலையாமல் இருப்பதற்கு, 'ஹம்பிள் ஹாக்ஸ்பில்' என்பதுபோல் முன்னால் ஓர் அடைமொழி வருவதே காரணம். புழக்கத்தில் அந்த அடைமொழிதான் நிற்கும், எழுத்தைச் சுமப்பதும் அதுவே.

படி 3: எழுத்துக்கு இரண்டு பெயர்களாவது எழுதுங்கள்

அவோசெட், புல்புல், கூக்கல், டிராங்கோ, ஈக்ரெட், ஃபிளமிங்கோ, காட்விட், ஹூப்போ, ஐபிஸ், ஜகானா, கோயல், லாப்விங் என்று பட்டியல் வேகமாக நீளும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மாற்றுப் பெயரை எழுதி வையுங்கள், ஏனெனில் அடுத்த படியில் பல பெயர்கள் விழுந்துவிடும்.

ஒரு பெயரைத் தொலைபேசியில் சொன்னால் மறுமுனையில் இருப்பவர் பிழையின்றி எழுத முடிய வேண்டும். நான் முதலில் டி (T) எழுத்திற்கு 'டீல்' என்ற வாத்தை எழுதி வைத்திருந்தேன். தமிழில் எழுதினால் அது பேரம் என்ற பொருளில் நாம் வழங்கும் 'டீல்' போலவே இருக்கிறது, 'டீல் முடிந்ததா?' என்று ஒருவர் கேட்டால் என்ன பொருள் கொள்வது? அதை நீக்கிவிட்டு டெய்லர்பேர்ட், அதாவது தையல்சிட்டு, என்று மாற்றினேன். இத்தகைய ஒலிக் குழப்பம் பெரிய நிறுவனங்களையும் விட்டதில்லை. இனிப்புப் பெயர்களை வரிசையாகச் சூட்டிவந்த ஆண்ட்ராய்டு 2019-இல் பொதுவெளியில் அவ்வழக்கத்தைக் கைவிட்டு வெறும் 10 என்று வெளிவந்தபோது, சில மொழிகளில் எல், ஆர் ஒலிகள் பேச்சில் வேறுபடுவதில்லை என்பதும் கூகுள் சொன்ன காரணங்களுள் ஒன்று.

படி 4: தேடிப் பாருங்கள்

பெயரை இணையத்தில் தேடுவது எல்லோருக்கும் தோன்றும். அதற்கு முன்பாக, மென்பொருளின் பிழைகளைப் பதிந்து வைக்கும் உங்கள் சொந்த வழுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். முன்பு நான் இருந்த ஒரு சிறு குழுவில் பழங்களின் பெயர்களைத் தேர்ந்தெடுத்து, முதல் வெளியீட்டிற்கு 'ஆப்பிள்' என்று வைத்தோம். அடுத்த வாரம் 'ஆப்பிள்' என்று தேடியபோது, ஐபோனில் திரை சரியாகத் தெரியவில்லை என்று பயனர்கள் எழுதிய பழைய குறைகள் எல்லாம் வந்து குவிந்தன; எங்கள் வெளியீட்டின் வழுக்களைத் தனியே பிரித்தெடுக்க முடியவில்லை. இரண்டாவது பெயராக 'பிளாக்பெரி' காத்திருந்தது என்பதைச் சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும்.

அதன்பின் வணிகக்குறியாகப் பதிவான பெயரா, உங்கள் துறையில் வேறொரு மென்பொருள் அதை வைத்திருக்கிறதா என்று பாருங்கள். நம் பட்டியலில் ஃபிளமிங்கோ இங்கே விழுகிறது, ஏனெனில் ஓப்பன்ஸ்டாக்கின் 2025.2 வெளியீட்டின் பெயரும் அதுவே. மாற்றாக எழுதி வைத்த ஃபிராங்கோலின், நம் கௌதாரி, அந்த இடத்தைப் பிடிக்கிறது.

தமிழ்ப் பெயர்களே வேண்டும் என்போருக்கு

தமிழ் நெடுங்கணக்கு இதற்கு மிக வசதியானது, ஏனெனில் உயிர்மெய் ஒவ்வொன்றையும் ஒரு படியாகக் கொள்ளலாம். கரிச்சான், காடை, கிளி, குயில், கொக்கு, கோட்டான், கௌதாரி என்று ககர வரிசை ஒன்றிலேயே ஏழு வெளியீடுகள் கிடைக்கின்றன. கணினி அவற்றை ஒருங்குறி (யூனிகோட்) எண்களின்படி அடுக்கினாலும் இதே வரிசைதான் வரும்.

ஆனால் இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது, ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. அகராதியில் 'அரசவால்' முன்னும் 'அன்றில்' பின்னும் வரும். எண்களை மட்டும் பார்க்கும் நிரல் அன்றிலை முன்னே வைத்துவிடும். தமிழுக்குரிய வரிசை விதிகளைப் பயன்படுத்தும் நிரல் நூலகத்தைக் கொண்டு அடுக்கினால் இது சரியாகும். இரண்டாவது, 'கௌதாரி' என்பதை ஔகாரக் குறியோடு எழுதாமல், கெகரத்தையும் ளகரத்தையும் தட்டி 'கெளதாரி' என்று எழுதுவோர் ஏராளம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். அது கொக்குக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும், சரியாக எழுதித் தேடுபவருக்குக் கிடைக்கவும் செய்யாது. ஆகவே தமிழ்ப் பெயரை அறிவிப்புகளில் காட்டிவிட்டு, கிளைப் பெயர், கோப்புறை, டேக் ஆகியவற்றில் சிறிய ஆங்கில எழுத்துகளால் ஆன ஒரு வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: பெயரோடு எண்ணையும் பதிவு செய்யுங்கள்

நிரலைச் சேமித்து வைக்கும் களஞ்சியத்தில் ஒரு கோப்பை உருவாக்கி, வரிக்கு ஒன்றாக எண், பெயர், வெளிவந்த நாள் ஆகியவற்றை எழுதுங்கள். நிரலில் எது புதியது என்று ஒப்பிட வேண்டிய இடங்களில் எல்லாம் எண்ணை மட்டுமே ஒப்பிடுங்கள். உபுண்டு 2017 ஏப்ரலில் 'செஸ்டி சபஸ்' என்று இசட்டை அடைந்து, அக்டோபரில் 'ஆர்ட்ஃபுல் ஆர்ட்வார்க்' என்று ஏ எழுத்திற்குத் திரும்பியது. பெயர்களை எழுத்து வரிசையில் ஒப்பிடும் எந்த நிரலுக்கும் அன்றைய நாளில் புதிய வெளியீடு எல்லாவற்றையும்விடப் பழையதாகத் தெரிந்திருக்கும். 2010-இல் 'ஆஸ்டின்' என்று தொடங்கி 2022-இல் 'செட்' வரை வந்த ஓப்பன்ஸ்டாக், அடுத்த சுற்றில் '2023.1 ஆன்டிலோப்' என்று எண்ணை முன்னால் வைத்து எழுதத் தொடங்கியது.

படி 6: அடுத்த ஒரு பெயரை மட்டும் அறிவியுங்கள்

முழுப் பட்டியலையும் வெளியிட்டுவிட்டால், பின்னர் ஒரு பெயரை மாற்ற நேரும்போது விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். குழுவில் வாக்கெடுப்பு வைப்பதானால், நான்காம் படியைத் தாண்டிய பெயர்களை மட்டும் வாக்குக்கு விடுங்கள். நம் மென்பொருளுக்கு, கோப்பின் முதல் வரியில் 1, அவோசெட் என்று எழுதி, நாளுக்கான இடத்தை வெறுமையாக விட்டு, வேலையைத் தொடங்கலாம்.