எது முக்கியம் என்று தெரிந்தும் வேலை ஏன் வேறு பக்கம் இழுக்கிறது? தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொறுப்பில் இருக்கும் ஒருவரிடம் "உங்களுக்கு வாழ்க்கையில் எது முக்கியம்?" என்று கேட்டுப் பாருங்கள். குடும்பம், நேர்மை, உடல்நலம், நான்கு பேருக்கு உதவுவது என்று பதில் தயாராக இருக்கும். பதிலில் பொய் இருக்காது. ஆனாலும் அவருடைய போன வாரத்தைப் புரட்டிப் பார்த்தால் அதில் பாதிகூடத் தென்படாது.

எல்லாமே முக்கியம் என்று எழுதுவது

எல்லாவற்றுக்கும் முதலிடம் தரும் பட்டியல் ஏட்டுச் சுரைக்காய். ஒரே மாலை நேரத்தை இரண்டு பேர் கேட்கும்போது யாருக்குக் கொடுப்பது என்று அது சொல்லாது. அமெரிக்க உளவியலாளர் மில்டன் ரோக்கீச் விழுமியங்களை, அதாவது ஒருவர் வாழ்க்கையில் முக்கியம் என்று கருதுபவற்றை, அளக்க உருவாக்கிய முறை இந்தச் சிக்கலைத் தாண்டியது. 18 இலக்குகள், 18 நடத்தைப் பண்புகள் என இரண்டு பட்டியல்கள். ஒவ்வொன்றையும் ஒன்று முதல் பதினெட்டு வரை வரிசைப்படுத்தியாக வேண்டும். ஒன்று மேலே ஏறினால் இன்னொன்று இறங்கும். பின்னாளில் ஷலோம் ஷ்வார்ட்ஸ் என்ற உளவியலாளர் 1992-இல் 10 விழுமியங்களை ஒரு வட்டமாக வகுத்துக் காட்டியபோது, சாதனையும் அதிகாரமும் ஒரு பக்கமும், பிறர்நலம் எதிர்ப்பக்கமும் நின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் முழுதாகப் பிடித்துக்கொள்ள முடியாது என்பதைத் தலைவர்கள் சுலபத்தில் ஒப்புக்கொள்வதில்லை. உங்கள் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "இதற்காக எதை விட்டுக்கொடுப்பேன்?" என்று எழுதுங்கள். பக்கத்தில் எதுவும் எழுத வராத வரியை அடித்துவிடலாம்.

நல்ல எண்ணம் போதும் என்று நம்புவது

இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. 1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைக்கலாம். பிரின்ஸ்டனில் இறையியல் படித்த மாணவர்களைப் பேச்சு ஒன்று நிகழ்த்துவதற்காகப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமுவார்; அது ஆய்வாளர்களின் ஏற்பாடு. அவசரம் இல்லாமல் அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். "நேரமாகிவிட்டது, ஓடுங்கள்" என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். சிலர் பேசப் போன தலைப்பே வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை! அந்தத் தலைப்பும் உதவியவர்களின் எண்ணிக்கையைச் சொல்லும்படியாகக் கூட்டவில்லை.

அவசரத்தில் இருப்பவனின் விழுமியம் வேலை செய்யாது. தலைமைப் பதவியோ அவசரத்தாலேயே ஆனது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் போர்ட்டரும் நிதின் நோரியாவும் பெரிய நிறுவனங்களின் 27 தலைமை அதிகாரிகளின் நேரத்தைத் தலா 13 வாரங்கள் குறித்துவைத்தார்கள். 2018-இல் வெளியான முடிவுகளின்படி, அவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 62.5 மணி நேரம் உழைத்தார்கள். அதில் 72 சதவீதம் கூட்டங்களுக்கே போனது. வேறு விதமாகப் பிரித்துப் பார்த்தால், கூட்டங்களையும் சேர்த்து மொத்த நேரத்தில் ஏறத்தாழ 36 சதவீதம் திடீரென்று முளைத்த விஷயங்களைச் சமாளிக்கவே செலவானது. உச்சிப் பதவியில் இருப்பவருக்கே நேரம் முழுதாகக் கையில் இல்லையென்றால், நடுவில் இருக்கும் மேலாளரின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மன உறுதியை நம்பாதீர்கள், காலண்டரை நம்புங்கள். முக்கியம் என்று சொல்வதை, மற்றவர்கள் உங்கள் நேரத்தைப் பிடிப்பதற்கு முன்பே அதில் குறித்துவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை பின்னோக்கிப் பார்த்து, குறித்தவற்றில் எவை நடந்தன, எவை நகர்த்தப்பட்டன என்று எண்ணுங்கள். ஒரே விஷயம் திரும்பத் திரும்ப நகர்த்தப்பட்டால், அது உங்கள் வரிசையில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். கொஞ்சம் கசப்பான கணக்குதான்.

"இந்தத் திட்டம் முடியட்டும்" என்பது

முடிந்ததும் அடுத்தது வரும். 2010-இல் ஹார்வர்டில் பட்டம் பெறவிருந்த மாணவர்களிடம் பேசிய பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன், வீட்டுக்கான நேரம் இப்படித் தள்ளிப்போவதற்கான காரணத்தைச் சொன்னார்: வேலையில் போடும் உழைப்புக்குப் பலன் உடனே கண்ணில் தெரியும், பிள்ளை வளர்ப்பிலும் உறவிலும் தெரிய வருடக்கணக்காகும். சாதிக்கும் பழக்கமுள்ளவர்கள் தங்களை அறியாமலே முதலாவதில் நேரத்தைக் கொட்டிவிடுகிறார்கள்.

மற்றவர்களின் எதிர்பார்ப்பை ஊகித்துக்கொள்வது

வீட்டில் இருப்பவர்கள் தன்னிடம் அதிக நேரம் கேட்கிறார்கள் என்று நினைத்துக் குற்ற உணர்ச்சியில் உழல்பவர்கள் உண்டு. கேட்டுப் பார்த்தால், சாப்பிடும்போது போனை எடுக்காமல் இருந்தால் போதும் என்பார்கள். அலுவலகத்திலும் அப்படித்தான்: எல்லாக் கூட்டத்திலும் நீங்கள் உட்கார வேண்டும் என்று நீங்கள் மட்டுமே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. மாலையை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு இரவு பதினொன்றுக்குச் செய்தி அனுப்பும் மேலாளர் தன் வரையில் சரியாகத்தான் நடக்கிறார். ஆனால் அந்தச் செய்தியைப் பெறுபவர் அதை உத்தரவாகத்தான் படிப்பார். தன் ஒழுங்குக்கான விலையை அடுத்தவர் வீட்டில் வசூலிக்கிறோம் என்பது அவருக்குத் தோன்றுவதே இல்லை. காலையில் போகும்படி நேரம் குறித்து அனுப்ப ஒரு பொத்தான் போதும்.

எல்லாவற்றையும் நேரப் பிரச்சினையாகப் பார்ப்பது

சில முரண்கள் காலண்டரில் தீராது. வாடிக்கையாளரிடம் ஒன்றை மறைக்கச் சொல்கிறார்கள், உண்மையைச் சொன்ன ஊழியரை ஒதுக்கச் சொல்கிறார்கள் என்றால், வார இறுதியில் ஓய்வெடுப்பதால் ஒன்றும் மாறாது. எதிர்த்துப் பேசலாம், வேறு பொறுப்புக்கு மாறலாம், விலகலாம். மூன்றாவது வழி பலருக்கு அடைபட்டிருப்பதற்குக் காரணம் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. சம்பளம் உயர உயர மாதத் தவணைகளும் கூடவே உயர்ந்திருக்கும். வருமானமே இல்லாமல் சில மாதங்கள் குடும்பத்தை ஓட்டும் அளவுக்குச் சேமிப்பு வைத்திருப்பவரால்தான் மேலிடத்தில் "இதை நான் செய்யமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்க முடியும். அந்தச் சேமிப்பை, சிக்கல் எதுவும் இல்லாத இப்போதே தொடங்குவது நல்லது.